காப்பிக்கொட்டைப் படை

போன வெள்ளிக்கிழமை அலுவலக மேசையைக் காலி செய்தபோது, எல்லாப் பொருளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டில். உள்ளே ஊறுகாய் கிடையாது. வறுக்காத காப்பிக்கொட்டையும் மிளகும் கலந்து கிடக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே அதை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன?" என்பார்கள். "ரெண்டு படை" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை. தட்டைக் கொட்டை காலாட்படை. உருண்டைக் கொட்டை குதிரைப்படை. மிளகு, எதிரி. இவ்வளவு பேரையும் திரட்டிச் சண்டைக்கு நிறுத்தியவர் என் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பிரித்து எந்தக் காட்டுக்கு யார் என்று அனுப்புவது, வராத ஆள் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது, இதுதான் வேலை. அஞ்சல் வழியில் படித்துச் சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கியவர். அதனால் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது மெல்ல மெல்ல ஏதோ ஒரு நூற்றாண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் வாங்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அதுக்கென்னுங்க இப்ப" என்பார். நான் சேலத்துக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு அறையை எடுத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தலாம் என்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலையேறினவன். தனி வீடு பார்க்கலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அப்படியே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆள் வரவில்லை. சும்மா இருந்த பொழுதில் நான் ஒரு விளையாட்டு எழுத ஆரம்பித்தேன். பழங்காலத்துப் படைகள் இரண்டு. கட்டம் கட்டமாக நகரும். பக்கத்தில் வந்தால் சண்டை. எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். தோற்கிற பக்கத்தில் கடைசி ஆள் விழுகிற வரைக்கும் சண்டை நடக்கும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் மச்சான் எஸ்டேட்டிலிருந்து திரும்பும் வழியில் உள்ளே வந்து, குடையை மடக்காமலே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ளே, இவனுங்க எல்லாஞ் சாகற வரைக்கும் நிக்கறானுங்களே, ஏனுங்க?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் மச்சான்."

"சரித்திரத்துல அப்படி இல்லீங்களே. பாதிச் சண்டையில ஒரு பக்கம் ஓடிப் போயிருமுங்க. ஓடுனவனத் தொரத்தறதுலதான் ஆளே நொம்ப சாகும்."

ஓடுவதை எப்படிக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. எப்போது ஓடுவான், ஏன் ஓடுவான், எவ்வளவு தூரம் ஓடுவான்? கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. எம்.ஏ. புத்தகத்தில் 'படை சிதறியது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களாம். எப்படிச் சிதறியது என்று எழுதுவதில்லையாம். அதில் அவருக்குப் பெரிய கோபம்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்த கையோடு, சாப்பாட்டு மேசையில் சாக்கட்டியால் மலையை வரைந்தார். கொண்டை ஊசி வளைவுகளோடு கீழிருந்து ஏறுகிற ஒரு பாதை, மேலே வெள்ளக்கடை, மாரமங்கலம், இன்னும் சில ஊர்கள், உச்சியில் சேர்வராயன் கோயில், அதன் பக்கத்தில் மலைத் தலைவனின் கோட்டை. பிறகு சட்டைப் பையிலிருந்து காப்பிக்கொட்டையை எடுத்துப் பரப்பினார். காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழத்தில் ஒற்றைக் கொட்டைதான், உருண்டையாக. அதை எஸ்டேட்டில் பீபெரி என்பார்கள். தட்டைக் கொட்டை வைத்த இடத்தில் நிற்கும், பீபெரி தட்டினால் ஓடும், ஆகவே அது குதிரைப்படை என்று தீர்மானித்தார். கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிற படைக்கு மிளகு. மேசையில் ஒரு காப்பித் தோட்டத்தையும் வரையலாமே என்று நான் சொன்னதற்கு, "அந்தக் காலத்துல இங்க காப்பியே இல்லீங்க மாப்ளே. வெள்ளைக்காரன் கொண்டாந்தது. தப்பாப் போடக் கூடாதுங்க" என்று ஒரு கைப்பிடிக் காப்பிக்கொட்டையைத் தலைவன் கோட்டைக்குள் நிறுத்திக்கொண்டே சொன்னார்.

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. மச்சானுக்குத் தோற்கப் பிடிக்காது. நான் டீ எடுக்கத் திரும்பினால் என் பக்கத்தில் நாலைந்து மிளகு காணாமல் போயிருக்கும். கேட்டால், "பாப்பா ஒரு படையத் தின்னுட்டாளுங்க" என்று என் மகளைக் கை காட்டுவார். அவள் அப்போது தவழ்கிற பிள்ளை. மேசை அவளுக்கு எட்டாது. மேசையில் சோறு வைக்க இடமில்லாமல் என் மனைவி இரண்டு பேரையும் வைவாள். மச்சான் தங்கைக்குப் பயந்தவர். உடனே படையைப் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார். யார் ஜெயித்தது என்பது அப்படியே தொங்கும்.

ஓட்டம் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தது ஒரு பஸ்ஸில். சேலத்திலிருந்து மச்சான் ஏறி வந்த பஸ் ஒரு வளைவில் நின்று, முன்னால் ஆவி கிளம்பியிருக்கிறது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா எழுந்து இறங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்து இறங்கினாள். அவ்வளவுதான், அடுத்த கணம் மொத்த பஸ்ஸும் இரண்டு வாசலையும் அடைத்துக்கொண்டு கொட்டியது. ஒருத்தர் ஜன்னல் வழியாகவே குதித்தார். பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் கொதித்திருக்கிறது, அவ்வளவுதான். மச்சான் வீட்டுக்குள்கூட வராமல் நேரே என் அறைக்கு வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. ஜன்னல் வழியாகக் குதித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

"அவனவன் ஆவியப் பாத்து எறங்கலீங்க மாப்ளே. பக்கத்துல இருக்கறவனப் பாத்துத்தான் எறங்குனான். அதப் போடுங்க!"

அதைப் போட்டேன். ஒவ்வொரு வீரனும் எதிரியைக் கணக்கில் எடுப்பதை விட, தன் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவன் திரும்பினால் இவனுக்கும் கால் ஆட வேண்டும். அன்று மாலை திரையில் மிளகுப் படையின் ஒரு கறுப்புப் புள்ளி திரும்பியது. பிறகு அதன் பக்கத்துப் புள்ளி. பிறகு வரிசை முழுக்க அவிழ்ந்து மலைச்சரிவில் இறங்கி ஓடியது. நான் எழுதியதுதான், ஆனால் நான் சொல்லி அவர்கள் ஓடியதாகத் தோன்றவில்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அதற்கு இணையான சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கல்லூரி நண்பன் பெங்களூரிலிருந்து எழுதினான். அவன் கம்பெனியில் விளையாட்டுகள் செய்யப்போகிறார்களாம். டைரக்டர் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏற்காடு வருகிறார், உன் விளையாட்டைக் காட்டு, பிடித்திருந்தால் உன்னையே வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தான். எடுத்துக்கொண்டால் நாங்கள் மூன்று பேரும் பெங்களூர் போக வேண்டும். மச்சான் அந்த வீட்டில் தனியாக இருப்பார். என் மனைவி அன்று துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் கடிதத்தில் இருந்ததைக் கேட்டு, "நல்லதாப் போச்சுங்க" என்றார். மறுநாளே புதிதாக ஒரு விதியோடு வந்தார்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஊர் இருக்க வேண்டுமாம். இந்தக் கொட்டைகள் வெள்ளக்கடைக்காரர்கள், அவை மாரமங்கலத்துக்காரர்கள். ஒவ்வொருவனையும் அவன் ஊர் இழுத்துக்கொண்டே இருக்குமாம். எதிரி எதிரில் நிற்கிற வரைக்கும் நிற்பான். எதிரி ஓடிவிட்டால் ஊர் இழுப்பு கூடிவிடும். "பறிப்பு முடிஞ்ச அன்னிக்குப் பாருங்க மாப்ளே. கடைசிக் கூடை கொட்டுன ஒடனே ஒரு ஆள் நிக்கறதில்ல. சேர்வராயன் கோயில்ல நோம்பி வந்தாலும் அப்படித்தான். வேலைக்கே நிக்காதவன் சண்டைக்கு நிப்பானுங்களா?" நான் தயங்கினேன். ஆட்டக்காரன் கையில் இருக்கிற படை ஆட்டக்காரன் சொல்லாமல் எப்படிப் போகும்? ஆனால் பஸ் விஷயத்தில் அவர் சொன்னது பலித்ததால், அதையும் எழுதி, ஊர் இழுப்புக்குச் சின்னதாக ஓர் எண்ணைப் போட்டு வைத்தேன். யாராவது ஒருத்தன் இரண்டு பேர் மட்டும் நழுவிப் போவார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. அந்த எண்ணைக் கூட்டிக் குறைப்பது எப்படி என்று மச்சானுக்கும் காட்டிக் கொடுத்தேன். இந்த ஒரு வரியில்தான் என் குழப்பமெல்லாம் இருக்கிறது.

டைரக்டர் வருவதற்கு முந்தைய நாள் ஒரு சாமான் வாங்க நான் சேலம் இறங்கினேன். அறைச் சாவி மச்சானிடம் இருந்தது. பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தார்.

டைரக்டர் நல்ல மனிதர். அவித்த கடலைப் பொட்டலத்தோடு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலைப் படையைத் தானே எடுத்துக்கொண்டு விளையாடினார். கறுப்புப் படை வளைவில் ஏறி வந்ததும் குதிரைகளைப் பக்கவாட்டில் விட்டார். ஒரு புள்ளி திரும்ப, அடுத்தது திரும்ப, வரிசை அவிழ்ந்து ஓடியதும் தொடையில் தட்டி, "அடடே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே பெங்களூரில் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், மலைப் படை நகர்கிறது. கீழேயிருந்து ஏறி வர வேண்டிய இரண்டாவது எதிரிப் படை இன்னும் வரவே இல்லை. இவர்கள் பாட்டுக்கு நகர்கிறார்கள். கொஞ்சம் பேர் வெள்ளக்கடைப் பாதையில், கொஞ்சம் பேர் மாரமங்கலம் பக்கம், ஒருத்தர்கூட அவசரப்படாமல். கோட்டையில் தலைவன் மட்டும் தனியாக நின்றான். டைரக்டர் அழுத்தாத பட்டன் இல்லை. கேட்க ஆளில்லை. இரண்டாவது படை வந்து, எதிர்ப்பே இல்லாமல் கோட்டைக்குள் நுழைந்தது.

"ஏன் போறாங்க?" என்று டைரக்டர் என்னைக் கேட்டார்.

வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மச்சான் பதில் சொன்னார்: "வேலை முடிஞ்சுதுங்க. ஊட்டுக்குப் போறானுங்க."

குழந்தைகள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விசைப்பலகையைப் பார்த்தேன். அவர் எழுந்து போகும்போது சொன்னார்: "அந்த ஓட்டம் பிரமாதம். அது எனக்கு வேணும். ஆனா ஜெயிச்சவன் போகக் கூடாது. அத எடுத்துட்டு ஜூன்ல வந்து சேந்துக்குங்க."

அவர் போனதும் எண்ணைப் பார்த்தேன். நான் போட்டது போல இல்லை, மிகப் பெரியதாக இருந்தது. யார் போட்டது? மச்சான் போட்டிருக்கலாம். நாங்கள் போகக் கூடாது என்று, விளையாட்டு தோற்றுப் போகட்டும் என்று போட்டிருக்கலாம். அல்லது சரித்திரம் சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், பெரிய மனிதர் முன்னால் தன் விதி நன்றாகத் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கலாம். அல்லது பாப்பா தட்டியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க நானே அந்த எண்ணைப் பலமுறை மாற்றிப் பார்த்தேன். கடைசியாக என்ன போட்டேன் என்பது எனக்கே நிச்சயமில்லை. மனைவியிடம் சொன்னேன். "அண்ணன் அப்படிப் பண்ணாதுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "பண்ணியிருந்தாலும் பண்ணியிருக்கும்" என்றாள். எதைச் சொன்னபோதும் அவள் குரலில் கோபம் இல்லை.

நேராகவே கேட்டேன். "மச்சான், அந்த நம்பர நீங்க மாத்துனீங்களா?"

அவர் கொட்டைகளைப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஜெயிச்சதுக்கு அப்பறம் என்னுங்க மாப்ளே பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் பாட்டிலை மூடிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. தங்கையையும் குழந்தையையும் பிரியமாட்டாமல் ஒருவர் செய்ததென்றால், அதற்குக் கோபப்பட எனக்கு என்ன உரிமை? செய்யவே இல்லை என்றால், நான் எப்பேர்ப்பட்ட மனிதன்?

அன்று மாலையே ஊர் இழுப்பைப் பூஜ்யமாக்கினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மலைப் படை ஜெயித்தது, நின்ற இடத்திலேயே நின்றது.

"இப்ப போறதில்லீங்களா?"

"போறதில்ல மச்சான்."

"அப்பச் சரிங்க" என்றார்.

ஜூனில் கிளம்பினோம். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றியதே அவர்தான். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகப் பாட்டிலை என் மடியில் போட்டு, "படைய உட்டுட்டுப் போறீங்களே" என்றார். பாப்பாவைப் பார்த்து, "வரட்டுமா கண்ணு" என்று அவர் சொன்னதுதான் இன்னும் கேட்கிறது. போனது நாங்கள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பெங்களூரில் அந்த விளையாட்டை முடித்தோம். பெரிதாக ஓடவில்லை, ஆனால் எனக்குச் சண்டை அமைக்கத் தெரிந்த ஆள் என்று ஒரு பெயர் வந்தது. அதன் பிறகு எத்தனையோ போர்கள். எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மச்சான் ஒரு மூட்டை ஆரஞ்சோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், முடிந்த விளையாட்டை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். வழக்கம்போல மலைப் பக்கம்தான் எடுத்தார். வழக்கத்துக்கு மாறாக ஏமாற்றாமல் ஜெயித்தார். திரையில் வெற்றி என்று எழுத்து வந்தது. வீரர்கள் கத்தியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"என்ன மச்சான் பாக்கறீங்க?"

"எப்பக் கெளம்புவானுங்கன்னு பாக்கறேனுங்க."

அதை எடுத்துவிட்டேன், நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்கு நினைவில்லையா, என்னைக் கேலி செய்கிறாரா, உண்மையிலேயே காத்திருக்கிறாரா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கரண்டியோடு வந்து நின்ற என் மனைவி திரும்பி உள்ளே போய்விட்டாள். சாப்பாடு ஆறிப் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் கோயிலிலிருந்து வந்ததும் போன் செய்வார். தங்கையிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரே கேள்வி: "ஏனுங்க மாப்ளே, சண்டை முடிஞ்சுதுங்களா?" நான் அப்போது செய்துகொண்டிருக்கிற விளையாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் இல்லீங்க மச்சான்" என்பேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று கையில் இருக்கும். அதனால் இத்தனை வருடமும் அது பொய்யாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமையோடு என் வேலை முடிந்தது. கொண்டுவந்த பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் என் மனைவியும்தான். நேற்று ஞாயிறு. போன் வந்தது.

"ஏனுங்க மாப்ளே, சண்டை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க மச்சான்" என்றேன். அந்தப் பதிலை முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார்.

மேசையில் இருந்த பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன். பீபெரிகளும் மிளகும் உருண்டன. தட்டைக் கொட்டைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"தெரியலீங்க மச்சான்" என்றேன்.